மருமகளின் ஜப்பான்

என் மகளை டோக்கியோவில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தபோது நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். 2013ஆம் ஆண்டு, பள்ளி திறக்கும் ஏப்ரலுக்குச் சில வாரங்கள் முன்பு. தாளில் பாதிக்கு மேல் பைகளைப் பற்றியதுதான். புத்தகப் பை இத்தனை சென்டிமீட்டர் நீளம், இத்தனை அகலம். உள்ளே போடும் செருப்புக்கு ஒரு பை. மதிய உணவு டப்பாவுக்கு ஒன்று, தண்ணீர்க் குவளைக்கு ஒன்று. கயிறு இழுத்தால் மூடிக்கொள்ள வேண்டும், அதையும் மூன்று வயதுக் குழந்தையே இழுக்கும்படி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அம்மா தைத்துத் தந்தால் நல்லது என்று கடைசி வரி. என் ஜப்பானிய மொழி அப்போது அரைகுறை. ஆனாலும் அந்த 'அம்மா' என்ற சொல் எனக்கு நன்றாகவே புரிந்தது.

நான் சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கணவரின் வேலை காரணமாக நாங்கள் அங்கே போயிருந்தோம். எதொகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்ற பகுதி, இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம். எனக்குக் கொடுக்கப்பட்ட குடியிருப்பு அட்டையில் என் தகுதி 'குடும்பத் தங்கல்' என்று இருந்தது. அதற்குக் கீழே வேலை செய்ய அனுமதி இல்லை என்று ஒரு வரி. தனியாக விண்ணப்பித்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை ஏதாவது வேலை செய்யலாம் என்று அட்டையின் பின்புறம் முத்திரை குத்தித் தருவார்கள். குழந்தைக் காப்பகத்தில் இடம் வேண்டுமென்றால் அம்மா வேலைக்குப் போகிறாள் என்ற சான்றிதழ் வேண்டும். வேலைக்குப் போக வேண்டுமென்றால் குழந்தையை விட ஓர் இடம் வேண்டும். எனவே மழலையர் பள்ளி, பிற்பகல் இரண்டு மணிக்கு வாசலில் போய் நிற்பது, நான்கு பைகள். (இது அயல்நாட்டுப் பெண்களின் சிக்கல் மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்தது. 2016இல் காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒரு ஜப்பானியத் தாய் பெயர் சொல்லாமல் எழுதிய கோபமான குறிப்பு நாடாளுமன்றம் வரை போய்ப் பெரிய விவாதமானது.)

ஜப்பானைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளை நான் போவதற்கு முன்பே நிறையப் படித்திருந்தேன். ரயில் நொடி தவறாது, தெருவில் குப்பை இருக்காது, பிள்ளைகள் தாங்களே வகுப்பறையைக் கூட்டுவார்கள், வரிசையில் யாரும் முந்த மாட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இரண்டரை ஆண்டுகள் அங்கே இருந்தபின் அந்தக் கட்டுரைகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. அந்தச் சுத்தத்தையும் நேரம் தவறாமையையும் காலை ஐந்து மணிக்கு எழுந்து யார் உண்டாக்குகிறார்கள் என்ற கேள்வி அவற்றில் வருவதே இல்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய ஜப்பான் ரயில் நிலையத்தில் தொடங்கி அலுவலகத்தில் முடிந்துவிடும். சோற்று டப்பாவுக்குள் அவர்கள் போனதில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் ஹரிப்ரபா தாகேதாவைப் படித்தேன்.

டாக்காவில் ஒரு பிரம்மசமாஜக் குடும்பத்தில் 1890இல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் பசு மல்லிக். அவருடைய பெற்றோர் ஆதரவற்ற பெண்களுக்காக ஒரு விடுதி நடத்திவந்தார்கள். சோப்புத் தயாரிக்கும் தொழில் தெரிந்து டாக்காவுக்குப் பிழைக்க வந்த உயேமோன் தாகேதா என்ற ஜப்பானியரை அவர் மணந்துகொண்டார். கடல் தாண்டினாலே சாதி போய்விடும் என்றிருந்த காலம் அது. 1912 நவம்பரில் கணவரோடு கப்பலேறி, மாமனார் மாமியாரைப் பார்க்க ஜப்பான் போனார். நான்கு மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பினார். 1915இல் 'பங்கமஹிளார் ஜப்பான் ஜாத்ரா' என்ற சிறு நூல் வந்தது. வங்கப் பெண்ணின் ஜப்பான் பயணம் என்று பொருள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதற்கு அடுத்த ஆண்டுதான் ரவீந்திரநாத் தாகூர் முதன்முறையாக ஜப்பான் போகிறார். அவர் எழுதிய 'ஜப்பான் ஜாத்ரி' 1919இல் வந்தது. இன்றும் எல்லா நூலகங்களிலும் இருக்கிறது. ஹரிப்ரபாவின் புத்தகம் காணாமலே போயிற்று. 1999இல் டாக்காவில் மறுபதிப்பு வரும்வரை யாருக்கும் அது நினைவில் இல்லை. சோம்தத்தா மண்டலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல் வந்தது. தாகூரை நான் குறைத்துச் சொல்லவில்லை. தெருவில் இரண்டு பேர் மோதிக்கொண்டாலும் வசவு இல்லாமல் தூசியைத் தட்டிவிட்டுப் போகிற ஜப்பானியரின் அடக்கத்தை அவர் கவனித்தது போல நுட்பமாகக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் தாகூர் விருந்தாளியாகப் போனார். ஹரிப்ரபா மருமகளாகப் போனார். விருந்தாளிக்கு முன்னறையில் தேநீர் வரும். மருமகள் அந்தத் தேநீரைப் போடுகிற இடத்துக்குள் போய்விடுவாள்.

நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் தாகேதாவின் ஊர். இந்தியப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று ஊரே திரண்டு வந்து பார்த்ததை ஹரிப்ரபா எழுதுகிறார். நம் ஊர்களில் வெள்ளைக்காரி வந்தால் பார்ப்பார்களே, அந்தக் காட்சியைப் பார்க்கப்படுகிறவளின் பக்கமிருந்து எழுதியிருக்கிறார். வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே உட்காருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிக் குளிக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. முகத்தை மூடாமல் வெளியே நடமாடுகிற, கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்களைப் பார்த்து அவருக்கு வியப்பு. திரைக்குப் பின்னால் பெண்கள் வாழ்ந்த வங்காளத்திலிருந்து போனவருக்கு அது இயல்புதான். அதே சமயம் அந்தப் பெண்கள் வீட்டுக்குள் மாமியாருக்கும் கணவனுக்கும் எவ்வளவு அடங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அவர் பார்த்துவிடுகிறார். தனக்குக் கிடைத்த மாமியாரின் அன்பு அவருடைய கண்ணை மறைக்கவில்லை.

அவர் பார்த்த அந்த அடக்கத்துக்கு வயது அப்போது வெறும் பதினான்கு ஆண்டுகள். இதை அவர் அறிந்திருக்க மாட்டார். 1898இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜி குடிமைச் சட்டம் 'இயே' என்ற வீட்டுமுறையைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைவர், பெரும்பாலும் மூத்த மகன். மனைவி கணவனின் அனுமதி இல்லாமல் முக்கியமான ஒப்பந்தம் எதையும் செய்ய முடியாது. மணமானதும் கணவன் வீட்டுப் பேரேட்டில் அவள் பெயர் ஏறிவிடும், கணவனின் குடும்பப் பெயரே அவளுடையதும். சாமுராய் குடும்பங்களின் ஒழுக்கத்தை எடுத்து நாட்டிலுள்ள உழவர், நெசவாளர், மீனவர் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். பெண்கள் பள்ளிகளில் 'ர்யோசாய் கென்போ', அதாவது நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற இலட்சியம் பாடமானது. 1900இல் வந்த காவல் சட்டம் பெண்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போவதையே தடை செய்தது. அந்தக் கூட்டத் தடை 1922இல்தான் விலகியது. நாம் 'ஜப்பானியப் பண்பாடு' என்று கையெடுத்துக் கும்பிடுகிற பலவற்றுக்கு இப்படித் தேதியும் சட்ட எண்ணும் இருக்கின்றன.

குடும்பப் பெயர் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வட்டார அலுவலகத்தில் எங்கள் மூன்று பேர் கடவுச்சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் வெகுநேரம் குழம்பினார். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பாவின் பெயர். கணவருடையதில் அவருடைய அப்பாவின் பெயர். மகளுடையதில் என் கணவரின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள்! நாங்கள் கணவன் மனைவிதானா என்று மரியாதை குறையாமல் மூன்று விதமாகக் கேட்டார். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தலைப்பெழுத்துதான் என்று விளக்க முயன்று தோற்றேன். அதிலிருந்து பள்ளியிலும் மருத்துவமனையிலும் என்னை 'ராமலிங்கம்-சான்' என்று கூப்பிட்டார்கள். இறந்துபோன அப்பா இரண்டரை ஆண்டுகள் ஜப்பானில் என் வழியாக நடமாடிக்கொண்டிருந்தார். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், நானும் என்னுடையது அல்லாத ஓர் ஆண் பெயரைத்தானே எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இளைஞரின் குழப்பத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பானியர் இருவர் மணந்துகொண்டால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும் என்று சட்டம். கணவனின் பெயரைத்தான் எடுக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போலப் பெண்கள்தான் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். இது தொன்றுதொட்டு வந்த மரபு என்று அங்குள்ள பழமைவாதிகள் வாதிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பொதுமக்கள் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமே 1875இல்தான் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வெளியான அரசாணை, மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்றது! அதைத் தலைகீழாக்கியது 1898ஆம் ஆண்டுச் சட்டம். 2015இல் இந்த விதியை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளில் பத்துப் பேர் விதி செல்லும் என்றார்கள். செல்லாது என்ற ஐந்து பேரில் மூவர் பெண்கள். அந்த நீதிமன்றத்தில் இருந்த பெண் நீதிபதிகளே அந்த மூன்று பேர்தான். 2021இலும் விதி செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

பெயர் என்றதும் இலக்கியம் படித்தவளுக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹெயான் அரசவையில் ஆண்கள் சீன எழுத்தில் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சு மொழியை அப்படியே எழுத உதவிய 'கானா' எழுத்து பெண்களின் கையெழுத்து என்று அழைக்கப்பட்டது. அந்த எழுத்தில்தான் 'கெஞ்சி கதை' பிறந்தது. 935 வாக்கில் கி நோ சுராயுகி என்ற ஆண் கவிஞர் அந்த எழுத்தில் பயணக் குறிப்பு எழுத ஆசைப்பட்டு, தன்னை ஒரு பெண்ணாகப் பாவித்து எழுதினார். நம் ஆழ்வார்களின் நாயகி பாவத்தைப் படித்துவிட்டு இதைக் கேட்டால் புன்னகை வரும். ஆனால் இவ்வளவு எழுதிய பெண்களின் பெயர் என்ன? முராசாகி ஷிகிபு என்பது அவருடைய இயற்பெயர் அல்ல. 'ககேரோ' நாட்குறிப்பை எழுதியவர் மிச்சித்சுனாவின் தாய் என்று மட்டும் அறியப்படுகிறார். 'சராஷினா' நாட்குறிப்பை எழுதியவர் தகாசுவேயின் மகள். நம் புறநானூற்றில் பாரி மகளிர் இருக்கிறார்கள், பூதப்பாண்டியன் தேவி இருக்கிறார். அதனால் எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. தமிழ் ஆசிரியை என்று சொன்னால் படித்த ஜப்பானிய முதியவர்கள் உடனே சுசுமு ஓனோவின் பெயரைச் சொல்வார்கள். ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது என்று வாதிட்டவர். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. 'இன்னாருடைய மகள்' என்ற இலக்கணம் மட்டும் இரண்டு மொழிக்கும் பொதுதான்.

ஹரிப்ரபா அந்தக் கிராமத்தில் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த 1913 ஜனவரியில் டோக்கியோவில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. 1911இல் பெண்களே தொடங்கிய 'செய்தோ' இதழின் ஆசிரியர் ஹிராத்சுகா ராய்ச்சோ, தன்னைப் புதுமைப் பெண் என்று அறிவித்து ஒரு பெரிய ஏட்டில் எழுதினார். பிப்ரவரியில், பெண் விடுதலைக்குப் பொதுவுடைமை வேண்டும் என்று ஃபுகுதா ஹிதேகோ எழுதிய கட்டுரைக்காக 'செய்தோ' இதழைத் தடை செய்தார்கள். அந்த இதழின் முதல் வெளியீட்டில் கவிதை எழுதியவர் யோசானோ அகிகோ. 1904இல் ருஷ்யாவோடு நடந்த போருக்குப் போன தன் தம்பியை நினைத்து, போரையே கேள்வி கேட்கும் கவிதையை வெளியிட்டுத் துரோகிப் பட்டம் வாங்கியவர். ஜப்பானின் அந்த வெற்றியை ஆசியா முழுக்கக் கொண்டாடியது, நம்முடைய தேசபக்தர்களும் கொண்டாடினார்கள். பாரதி 1916இல் 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதன் சுருக்கத்தைப் போற்றினார். அந்தச் சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்து ஜப்பானியப் பெண் குரல் ஒன்று பாரதிக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். அகிகோவும் பிற்காலத்தில் போரை ஆதரித்துக் கவிதை எழுதினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாரையும் கோயிலில் வைக்க வேண்டாம்.

செய்தோ பெண்கள் படித்தவர்கள், டோக்கியோவாசிகள். ஹரிப்ரபா போன ஐச்சி மாவட்டம் நெசவுக்குப் பேர்போனது. மெய்ஜி ஜப்பானின் ஆலைகளில் நின்றவர்களில் பெரும்பகுதி கிராமத்துச் சிறுமிகள். தகப்பன் முன்பணம் வாங்கிக்கொள்வான், மகள் விடுதியில் அடைபட்டுப் பன்னிரண்டு மணி நேரம் இரவும் பகலும் மாறி மாறி நூற்பாள். காசநோயோடு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். அவர்கள் நூற்ற பஞ்சில் இந்தியப் பஞ்சும் கணிசம். 1893இல் டாட்டாவும் ஜப்பானியக் கப்பல் நிறுவனமும் சேர்ந்து பம்பாய்க்கும் கோபேவுக்கும் கப்பல் விட்டதே பஞ்சு ஏற்றத்தான். தொழிற்சாலைச் சட்டம் 1911இல் நிறைவேறியது. பெண்களின் இரவு வேலைக்குத் தடை 1929இல்தான் வந்தது. திருப்பூர், கோவைப் பக்கத்தில் முன்பணத் திட்டத்தில் மில்லுக்குப் போன பெண்களை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

இந்த ஆலைப் பெண்களின் துயரத்தை உலகுக்குச் சொன்ன நூல் 'ஜோகோ ஐஷி', 1925. எழுதியவர் ஹோசோய் வாகிசோ என்ற தொழிலாளி. நூல் வந்த அடுத்த மாதமே இறந்துவிட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஆலைக்குப் போய்ச் சம்பாதித்துச் சோறு போட்டவர் அவருடைய துணைவி தோஷியோ. பெண்கள் விடுதிக்குள் நடந்ததை ஆண் எப்படி அறிவார்? சொன்னவர் தோஷியோதான். பதிவு செய்த மனைவி அல்ல என்பதால் நூலின் உரிமைத்தொகையில் அவருக்கு உரிமை இருக்கவில்லை. மறுமணம் செய்து, உடலுழைப்பு செய்தே பிள்ளைகளை வளர்த்து, 1980இல் தன் சொந்த நூலை எழுதினார். அதன் தலைப்பு 'என்னுடைய ஜோகோ ஐஷி'. அந்த 'என்னுடைய' என்ற ஒரு சொல்லுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

டோக்கியோவில் எங்களைப் பார்க்க யார் வந்தாலும் ஷின்ஜுகுவில் நாகாமுராயாவுக்கு அழைத்துப் போவோம். அங்கே கிடைக்கும் இந்தியக் கோழிக் குழம்பு 1927 முதல் விற்கப்படுகிறது. காதலும் புரட்சியும் கலந்த சுவை என்று அதற்குப் பெயர். தலைமறைவாக வந்த ராஷ் பிஹாரி போஸை 1915இல் ஒளித்து வைத்தது அந்த ரொட்டிக் கடைக் குடும்பம். அவரைக் காப்பாற்ற ஒரு வழி அவருக்கு ஜப்பானியப் பெண்ணை மணமுடிப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆங்கிலம் தெரிந்த மூத்த மகள் தோஷிகோ 1918இல் அவரை மணந்தாள். வீடு மாறி வீடு மாறி ஒளிந்து வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, 1925இல் இறந்துபோனாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது அந்தக் குழம்பு. அதில் காதல் யாருடையது, புரட்சி யாருடையது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு விருந்தாளி ஒருவர், "சாப்பிடும்போதாவது சும்மா இருங்களேன் மேடம்" என்றார். குழம்பு நன்றாகத்தான் இருக்கும்.

ஹரிப்ரபாவின் கதை நான்கு மாதப் பயணத்தோடு முடியவில்லை. 1941இல் மறுபடியும் கணவரோடு ஜப்பான் போய்ச் சேர்ந்தார். போர் மூண்டது. ஐம்பதைக் கடந்த அந்தப் பெண் டோக்கியோ வானொலி நிலையத்திலிருந்து ஆசாத் ஹிந்துக்காக வங்க மொழியில் செய்தி வாசித்தார். குண்டு வீசும் நகரத்தில் விளக்கில்லாத இரவுகளில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போய் வந்தார். இந்தப் படத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி எந்த அரசின் வானொலியில் போனது? அதே ஆண்டுகளில் அதே ராணுவம் கொரியாவிலும் சீனாவிலும் இன்னும் பல நாடுகளிலும் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி 1991இல் பெயர் சொல்லி வெளியே வந்து பேசும்வரை அது வாய்விட்டுப் பேசப்படவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். தோட்டத்து லயங்களில் மிஞ்சிய பெண்களின் கதையை இன்னும் முழுசாக யாரும் எழுதவில்லை. அதே மலாயாவின் தமிழ்ப் பெண்கள் பலர் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு எளிதான தீர்ப்பு எதுவும் கிடைப்பதில்லை. போருக்குப் பின் நோயாளிக் கணவரோடு ஹரிப்ரபா இந்தியா திரும்பினார். 1972இல் கல்கத்தாவில் இறந்தார்.

பைகளுக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஒரு பாட்டிதான் எனக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். எண்பத்தெட்டு வயது. முதுகு வளைந்திருந்தது, கண் மட்டும் ஊசியைவிடக் கூர்மை. என் முதல் பையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பிரித்தார். இரண்டாவதையும் பிரித்தார். பேச்சு தொடங்கியதே மூன்றாவது பையில்தான். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். 'ககேய்போ' என்பார்கள். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று சொல்லப்படும் ஹானி மோதோகோ 1904இல் அச்சிட்டு வெளியிட்ட கணக்கு நோட்டிலிருந்து வளர்ந்த பழக்கம். சம்பளத்தைக் கணவர் அப்படியே கொண்டுவந்து மனைவி கையில் கொடுப்பார், மனைவி அவருக்குச் செலவுக்குப் பணம் தருவார். நம் ஊர்த் தோழிகளிடம் இதைச் சொன்னால் 'ஆகா' என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பாட்டி சிரித்தார். பணம் என் கையில் இருந்தது, ஆனால் அது போதாதபோது தன் மதியச் சாப்பாட்டைக் குறைத்தவளும் நான்தான் என்றார்.

அந்த ஏற்பாட்டுக்கு அரசின் ஆதரவும் இருந்தது. 1961இல் மனைவியைச் சார்ந்தவளாகக் காட்டும் கணவனுக்கு வரிச் சலுகை வந்தது. நான் இருந்த காலத்தில் பகுதிநேர வேலை பார்த்த பெண்கள் ஆண்டுக்கு 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னைத் தாண்டாமல் டிசம்பரில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதை 'சுவர்' என்றே சொல்வார்கள். 1985இல் வேலைவாய்ப்பில் சம உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் சம்பளக்காரர்களின் மனைவிகள் தாங்கள் எதுவும் கட்டாமலே ஓய்வூதியம் பெறலாம் என்றும் மாற்றினார்கள். ஒரு கை வெளியே வா என்றது, இன்னொரு கை உள்ளேயே இரு என்றது. கருத்தடை மாத்திரைக்குப் பல பத்தாண்டுகள் தயங்கிய அரசு 1999இல் வயாகராவுக்கு ஆறே மாதத்தில் அனுமதி கொடுத்தது. பெண்கள் கேலி செய்த பிறகுதான் அதே ஆண்டு மாத்திரைக்கும் கொடுத்தது.

நான்காவது பை முடிகிற அன்று பாட்டியிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். எங்கள் தெருவில் அப்போது வேட்பாளர் படங்கள் ஒட்டியிருந்தார்கள். 1945 டிசம்பரில்தான் ஜப்பானியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1946 ஏப்ரல் 10 அன்று முதன்முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அடுத்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குக் கீழவையில் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தேர்தலில் ஒரு விநோத விதி இருந்தது. பெரிய தொகுதிகளில் ஒரே சீட்டில் இரண்டு மூன்று பெயர்கள் எழுதலாம். சின்னத்தில் முத்திரை குத்துவது அங்கே இல்லை, பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும்.

பாட்டி அப்போது வடக்கே பனி கொட்டும் ஓர் ஊரில், மணமாகிச் சில மாதங்களே ஆன மருமகள். வயது இருபத்தொன்று. காலையில் மாமியாருக்கு முந்தி எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, கணவரோடு பனிச் சேற்றில் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாராம். யாருக்குப் போட வேண்டும் என்று வழியெல்லாம் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். எழுத்து எப்படிப் போட வேண்டும் என்றுகூட உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.

"அவர் சொன்ன பெயரை எழுதினீர்களா?" என்று கேட்டேன்.

"எழுதினேனே. முதலில் அதைத்தான் எழுதினேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. இன்னொரு பெயர் எழுதினேன். ஒரு பெண். பள்ளிக்கூட டீச்சர்."

"ஜெயித்தாரா?"

"இல்லை. தோற்றுவிட்டார்."

"வீட்டில் சொன்னீர்களா?"

பாட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பையை உதறி, கயிற்றை இழுத்து மூடிப் பார்த்தார்.

"அவர் கேட்கவே இல்லையே" என்றார்.